பிரேக்குக்கு வைத்த குங்குமம்

பிரேக் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருமோ தெரியாது. எனக்கு வருவது குங்குமமும் நல்லெண்ணெய் வாசனையும்தான். சிரிக்காதீர்கள். போன வாரம் என் மகனுடைய காரை சர்வீஸுக்கு விடப் போயிருந்தேன். குளிர்சாதன அறையில் உட்காரவைத்துக் காகிதக் கோப்பையில் காபி கொடுத்தார்கள். சீருடை போட்ட ஒரு பெண் வந்து, "பிரேக் பேட் தேஞ்சிருக்கு ஆன்ட்டி, மாத்திடலாமா?" என்று கைப்பேசியில் படம் காட்டினாள். முக்கால் மணியில் எல்லாம் முடிந்தது. ஒரு நட்டைக்கூட நான் கண்ணால் பார்க்கவில்லை. எனக்கு என்னவோ ஏமாந்துபோன மாதிரி இருந்தது.

அறுபதைத் தாண்டி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிற என் செட்டுக்காரர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். இளசுகளிடம் சொன்னால், "வீட்டுலயா பிரேக் மாத்தினீங்க?" என்று கேட்டுவிட்டு நம்மையே ஒரு மாதிரி பார்க்கும்.

எனக்கு அப்போது பதினொரு வயது. வீடு மயிலாப்பூர் முடிந்து அபிராமபுரம் தொடங்குகிற இடத்தில் ஒரு சின்னத் தெரு. நம் ஊரில் அன்று ஓடியவை இரண்டே வகைக் கார்கள்தானே, அதில் சின்னது எங்களுடையது. வெளிர் நீலம். பெரியப்பாவும் அப்பாவும் பாதிப் பாதி போட்டு வாங்கியது. வெயிலில் நிறுத்தினால் ரெக்ஸின் சீட்டு சுட்டு, தொடையைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே எப்போதும் பெட்ரோலும் வாடின மல்லிகையும் கலந்த ஒரு வாசனை. அந்த வாசனைக்காகவே நிற்கிற காருக்குள் போய் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறேன்.

பெரியப்பாதான் முதலில் ஓட்டினார். கண்ணில் புரை விழுந்ததும் விட்டுவிட்டார். அப்பா ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. ரிக்‌ஷாவில் ஏறினாலே கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிற ஆள் அவர். ஆக, அம்மா கற்றுக்கொண்டாள். அம்மாவுக்கு அடையாறில் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிற வேலை. இரண்டு பஸ் மாறி வந்தால் வீடு சேர ஏழு மணியாகும். விளக்கு வைத்த பிறகு வீட்டுக்கு வருகிற மருமகள் வேலையை விட்டால் என்ன என்று பெரியப்பா முணுமுணுத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் கார் அம்மா கைக்கு வந்தது. கார் இருந்தால் ஐந்து மணிக்கு வீடு. கார் போனால் வேலையும் போகும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

நவராத்திரிக்கு நாலு நாள் இருந்தது. பல வாரமாகவே பிரேக் மிதித்தால் கிறீச்சென்று கத்தும். பிறகு இரும்பும் இரும்பும் உரசுகிற ஒரு கரகரப்பு. நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று அம்மா தள்ளிப்போட்டிருந்தாள். வடக்கு மாட வீதியில் பொம்மைக் கடைகள் தெருவையே அடைத்துக்கொண்டிருந்தன. குளத்து முனையில் திரும்பும்போது அம்மா மிதித்தாள். மிதி தரையைத் தொட்டது, வண்டி நிற்கவில்லை. கைப்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தாள். கடைசியில் ஒரு பொம்மைக்காரம்மாவின் கூடையை முட்டிவிட்டுத்தான் நின்றது. மண் யானை ஒன்றுக்குத் தும்பிக்கை போயிற்று. கூடைக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் தள்ளி அவளுடைய குழந்தை உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தது.

"இன்னாம்மா நீ, கண்ணு இன்னா பொடனிலயா கீது? கொயந்த குந்திகினு கீது, தெரீல?" என்று அவள் கத்தினாள். அம்மா யானைக்கு உண்டானதைக் கொடுத்துவிட்டு, அதை என் மடியில் வைத்தாள். வீடு வரைக்கும் நடக்கிற வேகத்தில், முதல் கியரிலேயே வந்தோம்.

சேதி எங்களுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. மயிலாப்பூரில் அதற்கு டெலிபோன் எதற்கு?

இரவுச் சாப்பாட்டில் பெரியப்பா அப்பாவிடம் சொன்னார்: "ஏண்டா, விஜயதசமி அன்னிக்குக் கோடம்பாக்கத்துலேர்ந்து ஒருத்தர் வந்து வண்டியைப் பாக்கறார். ஷூட்டிங்குக்கெல்லாம் கார் வாடகைக்கு விடறவர். நல்ல நாள், குடுத்துடலாம்."

அப்பா சாம்பார் சாதத்தில் எதையோ தேடினார். அப்பாவின் வழக்கம் அது. அண்ணன் பேசினால் அவருக்குத் தட்டில் ஏதாவது தொலைந்துவிடும்.

எங்கள் வீட்டில் அம்மா பெரியப்பாவோடு நேரே பேசமாட்டாள். மரியாதையாம். மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டு என்னிடம் சொன்னாள்: "பெரியப்பாகிட்டச் சொல்லுடி, பிரேக் தேஞ்சிருக்கு, அவ்வளவுதான். அதுக்குள்ள சரி பண்ணிடலாம்னு."

பெரியப்பாவும் என்னைப் பார்த்தே சொன்னார்: "சரியா நிக்கட்டும். நின்னா அப்பறம் யோசிக்கலாம்னு சொல்லு உங்கம்மாகிட்ட."

நான் தபால்காரி மாதிரி இரண்டு பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அம்மாவும் நானும் பாயின் மெக்கானிக் ஷாப்புக்குப் போனோம். எங்கள் காரைப் பல வருஷமாகப் பார்த்துவந்தவர். ஷாப் வாசலில் லாரி, டாக்சி, ஆட்டோ என்று வண்டிகள் முனை வரைக்கும் நின்றன.

"டீச்சரம்மா, இன்னும் பன்னெண்டு நாளைக்கு நம்மால ஆவாது. ஆயுத பூஜைக்கு முன்னாடி எல்லாருக்கும் வண்டி ரெடியா வேணும். வரிசையப் பாருங்க. பூஜை முடியட்டும், மொத வண்டி உங்களுதுதான்."

"பூஜை முடிஞ்சா வண்டியே இருக்காது பாய். மாட்டறது எப்படின்னு சொல்லுங்கோ, நானே மாட்டிக்கறேன்."

பாய் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். ஒரு டாக்சியின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்த இடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். பிரேக் ஷூ என்பது அரைவட்டமாக வளைந்த இரும்பு. அதன் முதுகில் ஆணி அடித்துப் பதித்திருக்கிற பழுப்புப் பட்டைதான் லைனிங். மிதித்தால் அந்தப் பட்டை டிரம்மின் உட்புறத்தை அழுத்திப் பிடிக்கும், சக்கரம் நிற்கும். எங்கள் காரில் முன் சக்கரம் இரண்டிலும் பட்டை தேய்ந்து ஆணி தெரிந்துவிட்டது. உராய்வைப் பற்றி நாற்பது நிமிஷம் வகுப்பெடுக்கிற என் அம்மா, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து அதை வாயைப் பிளந்து பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணு," என்றார் பாய். "லைனிங் மேல எண்ணெ, கிரீஸ் எதுவும் படக் கூடாது. ஒரு சொட்டு பட்டாலும் பிடிக்காது. இடது பக்கத்து ஷூ இப்பவே தர்றேன். வலது பக்கத்துக்கு லைனிங் அடிச்சு பூஜை அன்னிக்குக் காலைல குடுத்து உடறேன்."

அப்படி ஆரம்பித்தது எங்கள் திருவிழா. ஐயோ, எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்! ஸ்பானர் எண்களை மனப்பாடம் செய்தேன். வகுப்பில் பக்கத்து சீட்டுக்காரியிடம், "எங்காத்துல டிரம் கழட்டறோம்" என்றேன். அவள் மிருதங்கம் என்று நினைத்துக்கொண்டாள், நானும் திருத்தவில்லை.

ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது என்று பாய் சொல்லியிருந்ததால், கொலுப்படிக்கு வைத்திருந்த கனமான பலகைகளில் இரண்டை அம்மா துண்டு போட்டு அடுக்கிக் காருக்கு முட்டுக் கொடுத்துவிட்டாள். வருஷா வருஷம் ஒன்பது படி வைக்கிற வீட்டில் அந்த வருஷம் ஏழு படி. பெரியம்மா வந்தவர்களுக்கெல்லாம், "பலகை அரிச்சுப்போயிடுத்து" என்று சொல்லிச் சமாளித்தாள். அரித்த பலகைகளின் மேல் கார் நின்றுகொண்டிருந்ததை வாசலிலேயே எல்லோரும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள்.

அம்மா கல்லூரியிலிருந்து பஸ்ஸில் வந்து, சேலைக்கு மேல் அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வேலையில் இறங்குவாள். முதல் நாள் சக்கரம் கழன்றது, டிரம் வரவில்லை. துருப்பிடித்து உட்கார்ந்துவிட்டது. மரச்சுத்தியால் நான் பத்து, அவள் பத்து என்று முறை வைத்துத் தட்டினோம். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்களே, இரண்டாம் நாள் மாலை அது 'ணங்'கென்று கையோடு வந்தது. உள்ளே கறுப்புத் தூசி. அம்மா அதை வாயாலேயே ஊதினாள், நானும் போட்டி போட்டு ஊதினேன். அந்தத் தூசி என்ன தூசி, நெஞ்சுக்குள் போனால் என்ன செய்யும் என்று இன்று தெரிந்தவர்கள் என்னைத் திட்டலாம். இயற்பியல் படித்தவளுக்கே அன்று தெரியவில்லை.

பழைய ஷூவைப் பிடித்திருந்த ஸ்பிரிங்கைக் குறடால் இழுத்தபோது அது துள்ளிப் பறந்து காணாமலே போயிற்று. சட்டைப்பை, சாக்கடை, துளசிச் செடி எல்லாம் தேடினோம். மறுநாள் பெரியம்மா கொலுவிலிருந்து கத்தினாள்: "ஏண்டி, பார்க்குல புதுசா ஏதோ ஊஞ்சக் கம்பி இருக்கே, நீயா வெச்சே?" கூடத்து ஜன்னல் வழியாகப் போய், கடுகு முளைக்கவிட்டிருந்த எங்கள் கொலுப் பூங்காவில் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் விழுந்திருந்தது.

மாலையில் வெற்றிலை பாக்கு வாங்க வருகிற மாமிகள் கதை வேறு. வாசலில் குரல் கேட்டதும் அம்மா காருக்கடியிலிருந்து எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, குங்குமம் கொடுக்க ஓடுவாள். அவசரத்தில் ஒரு மாமியின் நெற்றியில் அவளே இட்டுவிட்டாள். குங்குமத்துக்கு மேலே கறுப்பாக ஒரு விரல் ரேகை. அந்த மாமி அதோடு நாலு வீட்டுக் கொலுவுக்குப் போய்வந்தார்.

இடது சக்கரம் நவராத்திரி எட்டாம் நாள் முடிந்தது. குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதுதான் என் வேலை, என் பெருமை. நான் ஓட்டுகிறவர் சீட்டின் நுனியில் உட்கார்ந்து, கால் எட்டாமல் ஸ்டியரிங்கைத் தொற்றிக்கொண்டிருந்தேன். அம்மா கீழே ரப்பர் குழாயைக் கண்ணாடிப் புட்டியில் விட்டுக்கொண்டு குரல் கொடுப்பாள்.

"மிதி! பிடிச்சுக்கோ! பிடிச்சுக்கோடி! சரி, விடு!"

ரசத்தில் விழுந்த அப்பளம் மாதிரி இருந்த மிதி, மிதிக்க மிதிக்க இறுகிக்கொண்டே வந்தது. கடைசியில் என் காலை அது திருப்பித் தள்ளியது. நான் கத்திய கத்தலில் பெரியப்பாவே வாசலுக்கு வந்து எட்டிப்பார்த்துவிட்டு உள்ளே போனார்.

ஒன்பதாம் நாள் காலையில் சொன்னபடி பாய் வலது பக்கத்து ஷூக்களைக் கொடுத்தனுப்பினார். ஆனால் அன்று சரஸ்வதி பூஜை, ஆயுத பூஜை. புத்தகத்தைத் திறக்கக் கூடாது, ஆயுதத்தைத் தொடக் கூடாது. என் கணக்கு நோட்டு, பெரியம்மாவின் அரிவாள்மணை, ஸ்பானர்கள், புது ஷூக்கள் எல்லாம் பலகையில் ஏறிவிட்டன. மறுநாள் விடியற்காலையில் புனர்பூஜை முடிந்து எடுத்தால்தான் உண்டு. கார் வாங்குகிறவர் வருவதோ ஒன்பது மணிக்கு. அம்மா அன்று முழுவதும் கூண்டுக்குள் அடைத்த மாதிரி நடந்துகொண்டிருந்தாள்.

விஜயதசமி. இருட்டு பிரியும்முன்னே கற்பூரம் காட்டி, நான் நோட்டில் 'ஓம்' எழுதி முடித்ததும், அம்மா ஆயுதங்களை அள்ளிக்கொண்டு ஓடினாள். இப்போது கை பழகிவிட்டதே! ஷூ உட்கார்ந்தது, ஸ்பிரிங் பிடித்தது, டிரம் ஏறியது, நான் மிதித்தேன், சக்கரம் ஏறியது. ஏழு மணிக்குக் கார் தன் காலில் நின்றது. பூஜையில் மிச்சமிருந்த எலுமிச்சம்பழம் ஒன்றைத் தெரு நடுவில் வைக்கச் சொன்னாள். புது வண்டியென்றால் பழத்தின் மேல் ஏற்றுவார்கள், நாங்கள் பழத்துக்கு முன்னால் நிறுத்திக் காட்டவேண்டும்.

நான் பக்கத்து சீட்டில். அம்மா வேகம் பிடித்து வந்து மிதித்தாள். கார் வெட்டென்று இடது பக்கம் இழுத்தது. எதிர்வீட்டு கேட்டில் பூஜைக்குக் கட்டியிருந்த வாழைக்கன்றைச் சாய்த்துக்கொண்டு போய் நின்றது. எலுமிச்சம்பழம் தப்பித்தது.

பெரியப்பா வாசலில் நின்றார். சாய்ந்த வாழைக்கன்றையே பார்த்தார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

அம்மா இறங்கி, பிடிக்காதது வலதுதான் என்று அந்தச் சக்கரத்தருகே குனிந்தாள். மூக்கைச் சுளித்தாள். "என்னடி இது, யாரோ தாளிக்கிற வாசனை?" எனக்கும் அடித்தது. காய்ந்த நல்லெண்ணெய். மறுபடியும் ஜாக்கி, மறுபடியும் பலகை. டிரம்மைக் கழற்றினால் லைனிங் பளபளவென்று மின்னியது. ஆணி அடித்த குழிகளுக்குள் சிவப்பாக ஏதோ. அம்மா விரலால் தொட்டுப் பார்த்தாள். குங்குமம்.

"யார் வெச்சா?"

எனக்குத் தெரியும். முந்தின நாள் பூஜையில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவளே நான்தான். வெறும் குங்குமம் இரும்பில் ஒட்டாது என்று அப்பா அதை நல்லெண்ணெயில் குழைத்து, ஒவ்வொரு ஷூவுக்கும் முதுகில் வரிசையாகப் பொட்டு வைத்தார். அம்மாவின் கை வேலைக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று மற்ற ஆயுதங்களுக்கு ஒன்று வைத்தவர் இதற்கு மட்டும் ஐந்து ஐந்து வைத்தார். காலையில் அவரே ஈரத்துண்டால் பதமாகத் துடைத்தும் கொடுத்தார். பட்டையின் பழுப்பில் மிச்சக் கறை தெரியவில்லை, எண்ணெய் உள்ளே இறங்கிவிட்டது. பாய் சொன்ன எச்சரிக்கை எனக்கு ஞாபகமே வரவில்லை. சாமி விஷயம் அதில் சேராது என்று நினைத்திருப்பேன்.

அப்பா படியிறங்கி வந்தார். "நான்தான் வெச்சேன்," என்றார். "நன்னா நிக்கணும்னுதான்..."

அம்மா அவரைப் பார்த்தாள். கையில் ஸ்பானர் இருந்ததால் எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. அவள் கண் நிறைந்துவிட்டது. "ஏன்னா," என்று ஆரம்பித்தவள் உப்புத்தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். தேய்த்தார். பெட்ரோலில் கழுவினார், காயவைத்தார், மறுபடியும் தேய்த்தார். பூஜை செய்கிற அதே சிரத்தை. நான் அழுதுகொண்டே துணி எடுத்துக் கொடுத்தேன்.

கோடம்பாக்கத்துக்காரர் சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்னாலேயே வந்துவிட்டார். மூன்று காலில் நிற்கிற காரைப் பார்த்தார். "இன்னா சார், வண்டிய பார்ட் பார்ட்டா விக்கறீங்களா?" என்றார். பெரியப்பா அவமானத்தில் அவரை உள்ளே காபி குடிக்கக் கூப்பிட்டார். அவர் போகவில்லை. "அந்தம்மா மாட்றத பாத்துக்கினு இருக்கேன் சார், ஜோரா கீது," என்று சுவரில் சாய்ந்துகொண்டார்.

சக்கரம் ஏறியதும் அம்மா என்னை உட்காரச் சொன்னாள். காரைப் பின்னால் எடுத்துத் தெருமுனைக்குக் கொண்டுபோனாள். திரும்பிப் பார்த்தால், அப்பா நடந்துபோய் எலுமிச்சம்பழத்தைக் குனிந்து எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அது இருந்த இடத்தில் தானே நின்றுகொண்டார்.

அம்மா தலையை வெளியே நீட்டினாள். "ஏன்னா! அங்க என்ன பண்றேள்? நகருங்கோ!"

"நீ வா," என்றார் அப்பா.

"விளையாடாதேள். நகருங்கோன்னா!"

"தப்புப் பண்ணினவன் நான். நான் நிக்கறேன். நீ வா."

ரிக்‌ஷாவில் கம்பியைப் பிடித்துக்கொள்கிற மனிதர். இன்று நானே கேட்கிறேன்: புத்தியுள்ளவர்கள் யாராவது அதைச் செய்வார்களா? செய்யவிடுவார்களா? பதினொரு வயசுப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு? ஆனால் அன்று எனக்குப் பயம் துளியும் இல்லை.

அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். கியர் போட்டாள். கார் கிளம்பியது. அப்பா பெரிதாகிக்கொண்டே வந்தார், அவர் சட்டைப் பொத்தான் தெரிந்தது, நெற்றியில் விபூதி தெரிந்தது. கண்ணை அவர் மூடிக்கொள்ளவில்லை. அம்மா மிதித்தாள்.

வண்டி நின்றது. இடமும் இழுக்கவில்லை, வலமும் இழுக்கவில்லை. அப்பாவின் வேட்டிக்கும் பம்பருக்கும் நடுவில் இரண்டு முழம் இருக்கும். காற்றில் வேட்டி மட்டும் ஆடியது.

முதலில் கைதட்டியது கோடம்பாக்கத்துக்காரர்தான். "சார், இன்னா நிப்பு நிக்குது! மொதல்ல பேசன ரேட்டு வேணாம், அதுக்கு மேலயே போட்டுத் தரேன். இப்பவே எடுத்துக்கறேன்."

பெரியப்பாவின் முகம் மலர்ந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததே! நிற்காவிட்டால் விற்பார்கள் என்று உயிரைக் கொடுத்து நிற்கவைத்தோம். இப்போது நன்றாக நிற்கிறது என்பதால் விற்கப்போகிறார்கள்.

அப்பா இன்னும் காருக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். ஒரு கையைப் பானெட்டின் மேல் வைத்தார். சூடாக இருந்திருக்கும், எடுக்கவில்லை.

"அண்ணா, வண்டி விக்கறதா இல்ல."

"என்னடா சொன்னே?"

"என் பாதியைக் குடுக்கறதா இல்ல. அவ ஓட்டட்டும்."

பெரியப்பா புரை விழுந்த கண்ணால் தம்பியை உற்றுப் பார்த்தார். ஆள் அடையாளம் தெரியாத மாதிரி பார்த்தார். பிறகு கோடம்பாக்கத்துக்காரரிடம், "காபியாவது சாப்பிட்டுட்டுப் போங்கோ," என்று சொல்லி உள்ளே திரும்பினார்.

அப்பா நகரவே இல்லை. அம்மாவும் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. இருவரும் கண்ணாடி வழியாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"முன்னாடி நின்னது போறும்," என்றாள் அம்மா. "ஏறுங்கோ."

அப்பா பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். அவர் மேல் பெட்ரோல் வாசனை.

"எங்கம்மா போறோம்?" என்று கேட்டேன்.

"நிக்கறதுன்னு தெரிஞ்சாச்சு," என்றாள் அம்மா. "இனிமே எங்க வேணாலும் போலாம்."